காற்றாடியில் கண்ட ஆட்டம்

அச்சரப்பாக்கம் என்னும் ஊர்ப்பெயருக்கு ஊரார் கூறும் காரணம் இப்பகுதியில் யாவரும் அறிந்தது. முப்புரம் எரிக்கத் தேரேறிய சிவபெருமான் விநாயகரை வணங்காமல் புறப்பட்டார். வழியில் தேரின் அச்சு இற்றது. அச்சு இறு பாக்கம் என்பது அச்சிறுபாக்கமாகி, மக்கள் வாயில் அச்சரப்பாக்கமாயிற்று. திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய காலத்திலேயே அச்சிறுபாக்கம் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அச்சு முறிந்ததைக் கண்டவர் எவருமிலர். ஆயினும், ஊர் தன் பெயரிலேயே அந்நிகழ்ச்சிக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

வடக்கே சில கல் தொலைவில் உள்ள மதுராந்தகத்தில் இதைவிட அண்மைக் காலத்துக் கதையொன்று வழங்குகிறது. 1790-களில் செங்கற்பட்டு ஜாகீரின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ் துரை. மழைக்காலத்து நள்ளிரவில், ஏரிக்கரை உடையும் என்று அஞ்சிப் பார்க்கச் சென்ற அவர், கரையின்மேல் வில்லேந்திய வீரர் இருவர் நின்று காவல் புரியக் கண்டார் என்பதும், மறுநாள் கரை உடையாமல் நின்றது என்பதும், அதனால் மகிழ்ந்து தாயார் சந்நிதித் திருப்பணியைச் செய்வித்தார் என்பதும் அக்கதை. பிளேஸ் துரை வரலாற்று மனிதர். தாயார் சந்நிதி கண்முன் நிற்பது. ஏரி இன்றும் உண்டு. நடுவிலுள்ள அந்த இரவுக் காட்சி மட்டும் மக்களின் நினைவைச் சார்ந்தது. கண்டவர் ஒருவர், கண்டதாகச் சொல்லி வருவோர் ஓர் ஊரார்.

நடந்தது எது, நினைவு சேர்த்தது எது என்னும் இவ்வகை வினா கோயில் வரலாறுகளுக்கு மட்டும் உரியதன்று. இருபதாம் நூற்றாண்டில், செய்தித்தாளும் தந்தியும் பெருகிய பின்னர், பட்டப்பகலில் எண்பதாயிரம் பேர் கூடியிருந்த இடத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்கும் இதே கதி நேர்ந்தது. அது ஒரு கால்பந்தாட்டம். 1911-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள் சனிக்கிழமை மாலை, கல்கத்தா மைதானத்தில் மோகன் பகான் கழகத்துக்கும் ஈஸ்ட் யார்க்ஷயர் படையணிக்கும் இடையே நடைபெற்ற ஐ.எப்.ஏ. கேடய இறுதியாட்டம். அதைப் பார்க்கச் சென்றவர்கள் நாட்டுக்கு விட்டுச்சென்ற நினைவுகள் இந்திய விளையாட்டு வரலாற்றில் தனி இடம் பெற்றவை. அவற்றில் பாதி, ஆட்டத்தைக் காணாதவர்களின் நினைவுகள் என்பதுதான் வியப்பு.

கேடயமும் வெறுங்காலும்

இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் கேடயப் போட்டி 1893-இல் தொடங்கியது. அது வெள்ளையரின் போட்டி. படையணிகளும் ஐரோப்பியக் கழகங்களும் தமக்குள் ஆடிப் பரிசு பெற்றன. இந்தியக் கழகங்கள் ஒன்றிரண்டு இடம் பெற்றாலும் தொடக்கச் சுற்றுகளிலேயே வீடு திரும்பின. 1889-இல் வடகல்கத்தாவில் தோன்றிய மோகன் பகான் கழகம் 1906, 1907, 1908 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து டிரேட்ஸ் கோப்பையை வென்று பெயர் பெற்றிருந்தது. என்றாலும் கேடயம் வேறு. டிரேட்ஸ் கோப்பை வேறு.

வங்காளிகள் இவ்வாட்டத்தில் இத்துணை உள்ளம் வைத்ததற்குக் காரணம் உண்டு. மெக்காலே 1841-இல் வாரன் ஹேஸ்டிங்ஸைப் பற்றி எழுதிய கட்டுரையில் வங்காளியின் உடல்வலிமையை இழிவாகப் பேசிச் சென்றார். அச்சொல் எழுத்தோடு நிற்காமல் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் அன்றாட ஏளனமாக வழங்கியது. படித்த வங்காளிக் குடும்பங்கள் உடற்பயிற்சிக் கூடங்களை நாடியதும், இளைஞர் பந்தை உதைக்கத் தொடங்கியதும் அதன் எதிரொலியே. விவேகானந்தர், கீதையைப் படிப்பதைவிடக் கால்பந்து ஆடுவதால் இளைஞர் விண்ணுலகுக்கு அருகில் செல்வர் என்னும் பொருள்படப் பேசியதைப் பலரும் எடுத்துக்காட்டுவர். அவ்வுரை கல்கத்தாவில் நிகழ்ந்ததென்று எண்ணுவோர் பலர். அது நிகழ்ந்தது சென்னையில், 1897 பிப்ரவரியில். கும்பகோணத்திலிருந்து தொடர்வண்டியில் அவர் சென்னை சேர்ந்த வழி, அச்சரப்பாக்கத்தைத் தொட்டுச் செங்கற்பட்டை அடையும் இதே இருப்புப்பாதைதான்.

1905-இல் கர்சன் பிரபு வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். சுதேசி இயக்கம் மூண்டது. 1908-இல் குதிராம் போஸ் தூக்கிலிடப்பட்டார். தமிழகத்தில் அவ்வாண்டே வ.உ.சிதம்பரனார் சிறை புகுந்தார். 1911 ஜூன் 17-இல் மணியாச்சி நிலையத்தில் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டார். அதற்கு ஆறு வாரங்கள் கழித்துத்தான் கல்கத்தாவில் இந்த இறுதியாட்டம். இவற்றுக்கிடையே நேர்த்தொடர்பு காட்ட இயலாது, காட்டவும் வேண்டியதில்லை. ஆட்டம் பார்க்கப் புறப்பட்டவர்கள் எந்தக் காற்றைச் சுவாசித்தார்கள் என்று அறிவதற்கு இவ்வளவு போதும்.

அவ்வாண்டு மோகன் பகான் முதலில் செயின்ட் சேவியர் அணியை 3-0 என்றும், ரேஞ்சர்ஸ் அணியை 2-1 என்றும், ரைபிள் பிரிகேடை 1-0 என்றும் வென்றது. அரையிறுதியில் மிடில்செக்ஸ் படையணியோடு 1-1 எனச் சமநிலை கண்டு, மறு ஆட்டத்தில் 3-0 என வாகை சூடியது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கூட்டம் பெருகியது. முன்பு பந்தின் பக்கமே திரும்பாத வீடுகளிலும் கேடயம் பேச்சாயிற்று.

மைதானத்துக்குச் சென்றவர்கள்

இறுதியாட்ட நாளன்று கல்கத்தாவை நோக்கி மக்கள் திரண்ட விதமே தனி வரலாறு. கிழக்கு இந்திய இருப்புப்பாதை நிறுவனம் சிறப்பு வண்டி விட்டது. ஆற்றில் கூடுதல் நீராவிப் படகுகள் ஓடின. பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும், ஆறுகள் பின்னிக்கிடக்கும் கிழக்கு வங்காளத்து மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்தனர். கூட்டத்தின் அளவை ராய்ட்டர் செய்தி நிறுவனம் எண்பதாயிரம் என்று மதிப்பிட்டது. அறுபதாயிரம் என்றாரும் உண்டு. இலட்சம் என்றாரும் உண்டு. எந்தக் கணக்கைக் கொண்டாலும், அதற்கு முன் இந்தியாவில் ஒரு பந்தாட்டத்துக்கு அத்தனை பேர் கூடியதில்லை.

அத்தனை பேரும் அமர்வதற்கு அங்கே இடமில்லை. இன்றுள்ள அரங்கத்தை மனத்தில் கொண்டு அன்றைய மைதானத்தைக் காணக்கூடாது. ஆட்டம் நடந்தது கல்கத்தா கால்பந்துக் கழகத்துக்கு உரிய திடலில். ஒரு பக்கம் அக்கழகத்து உறுப்பினரான வெள்ளையர்க்கு ஒதுக்கம். மற்றொரு பக்கம் தனி நிறுவனம் ஒன்று பலகை இருக்கைகள் அமைத்துச் சீட்டு விற்றது. ஒன்று, இரண்டு ரூபாய்ச் சீட்டுகள் பதினைந்து ரூபாய்க்குக் கைமாறின. அன்று பதினைந்து ரூபாய் என்பது எழுத்தர் பலர்க்குத் திங்கள் ஊதியத்தில் பெரும்பகுதி. எஞ்சிய இடம் பொதுமக்களுக்கு. சமதரையில் நிற்பவர்க்கு முன்னிருப்பவரின் தலையே காட்சி. முதல் சில வரிசைகளுக்குப் பின்னால் நின்றவர் கண்ணில் பந்து பட வழியில்லை. மரங்களில் ஏறியவர்கள் பேறுபெற்றவர்கள்.

அங்குதான் காற்றாடி வருகிறது. எண்ணிக்கையை எழுதிய காற்றாடிகளைப் பறக்கவிட்டு, தொலைவில் நின்றவர்க்கு ஆட்டத்தின் நிலையைத் தெரிவித்தார்கள். அன்றைய நினைவுகளுள் இதற்கு ஒப்பானது வேறில்லை. மோகன் பகான் ஆட்டத்தைப் 'பார்த்த' பல்லாயிரவர் பந்தைப் பார்க்கவில்லை. தலைக்குமேல் காற்றில் ஆடிய தாளைப் பார்த்தார்கள். ஆட்டத்தின் முழுக் கதையும் அவர்களுக்கு மூன்று எண்மாற்றங்களில் அடங்கியது. இடைப்பட்ட நேரம் முழுவதும் காதுதான் கண். முன்வரிசையார் எழுப்பும் ஓசை ஏறினால் நம்பிக்கை, இறங்கினால் கலக்கம். வெள்ளையர் இருந்த பக்கத்திலிருந்து ஓசை எழுந்தால் நெஞ்சு அடைக்கும்.

முதலில் எழுந்தது அந்தப் பக்கத்து ஓசைதான். தனி உதை ஒன்றில் ஈஸ்ட் யார்க்ஷயர் அணியின் ஜாக்சன் பந்தை வலைக்குள் செலுத்தினார். கூட்டம் வாயடைத்தது. சிறிது நேரத்தில் மோகன் பகான் தலைவர் சிப்தாஸ் பாதுரி இடப்புறமாகப் பந்தைக் கொண்டுசென்று சமன் செய்தார். ஆட்டம் முடிய ஏறத்தாழ இரண்டு நிமிடங்கள் இருக்கையில் அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோலைப் போட்டார். அபிலாஷ் அப்போது கல்லூரி மாணவர். 2-1. நடுவர் புல்லர் ஊதிய ஊதலை எத்தனை பேர் கேட்டிருப்பர்?

பிறகு நடந்ததை ராய்ட்டர் செய்தி எழுதியது: வங்காளிகள் சட்டைகளைக் கிழித்தெடுத்துச் சுழற்றினார்கள். குடைகளும் கைக்குட்டைகளும் மேலே எழுந்தன. 'வந்தே மாதரம்' முழங்கியது. முஸ்லிம் விளையாட்டுக் கழகம் ஒன்றின் உறுப்பினர்கள், தம் இந்து சகோதரர்களின் வெற்றியைக் கண்டு மகிழ்ச்சி தாளாமல் தரையில் புரண்டார்கள் என்று முஸ்லிம்களின் இதழொன்று எழுதியது. பின்னாளைய வரலாற்றை அறிந்தவர்கள் இந்தச் செய்தியை நிறுத்திப் படிக்க வேண்டும். ஆறாண்டுக்கு முன் சமயத்தின் பெயராலும் பிளக்கப்பட்ட மாகாணம் அது.

நினைவு செய்த திருத்தங்கள்

வெறுங்காலுடன் பதினொருவர் பூட்சணிந்த வெள்ளையரை வென்றார்கள் என்பது இன்றும் வழங்கும் சொல். உண்மையில் வெறுங்காலுடன் ஆடியவர் பதின்மர். பின்காவலில் ஆடிய சுதீர் சாட்டர்ஜி பூட்ஸ் அணிந்திருந்தார். அவர் ஆசிரியர், கிறித்தவர், பின்னாளில் குருப்பட்டம் பெற்றுச் சமயப் பணிபுரிந்தவர். நினைவு அவர் காலிலிருந்த பூட்ஸைக் கழற்றிவிட்டது. கெட்ட எண்ணத்தால் அன்று. பதினொன்று என்பது முழு எண்; பத்து என்றால் விளக்கம் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லிப் பழகிய கதை விளக்கங்களை உதிர்த்துவிடும்.

வெளிநாட்டிலும் இப்படி நேர்ந்ததுண்டு. 1923 ஏப்ரல் 28-இல் இலண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த முதல் கோப்பை இறுதியாட்டத்துக்குச் சீட்டுக் கணக்கின்படி 1,26,047 பேர் வந்தனர். சுவரேறிக் குதித்தவர்களையும் சேர்த்தால் இரண்டு இலட்சத்தைத் தாண்டும் என்பர். கூட்டம் ஆடுகளம் முழுவதையும் மூடிக்கொண்டது. காவலர் ஜார்ஜ் ஸ்கோரி தம் குதிரையின்மேல் அமர்ந்து மெல்ல மெல்ல மக்களைக் கோட்டுக்கு வெளியே நகர்த்தினார். அவ்வாட்டத்துக்கு 'வெள்ளைக் குதிரை இறுதியாட்டம்' என்றே பெயராயிற்று. போல்ட்டன் அணி 2-0 என வென்றதை மறந்தவரும் குதிரையை மறக்கவில்லை. பில்லி என்னும் அக்குதிரை வெள்ளை நிறமன்று, சாம்பல் நிறம். அன்றைய கறுப்பு வெள்ளைச் செய்திப்படத்தில் அது வெண்மையாகத் தெரிந்தது. களத்தில் வேறு குதிரைகளும் இருந்தன. அவை படத்தில் பளிச்சிடவில்லை. நேரில் சென்றவர்களும் பின்னர்ப் படத்தைப் பார்த்துத் தங்கள் நினைவை வெண்மையாக்கிக் கொண்டார்கள் என்று கருத இடமுண்டு. இன்று புதிய வெம்பிளி அரங்கை ஒட்டிய நடைபாலத்துக்கும் வெள்ளைக் குதிரையின் பெயரே.

வெம்பிளிக்குப் படம் இருந்தது. கல்கத்தாவுக்குக் காற்றாடிதான். ஆகவே வங்காளத்து நினைவு இன்னும் தாராளமாக வேலை செய்தது.

தலைமுறை மாறியதும் நினைவைச் சுமக்கும் வேலை எழுத்தாளர்களுக்கு வந்தது. மோகன் பகானை வெறும் ஆட்டக் குழுவாகக் காணாமல் புழுதியிலிருந்து தலைநிமிர்ந்த நாடாகக் காணும் பார்வையை வங்க எழுத்தில் வலுவாக வைத்தவர் அசிந்த்ய குமார் சென்குப்தா. அவர் 1903-இல் பிறந்தவர். கேடய ஆட்டத்தின்போது ஏழு வயதுச் சிறுவர். தந்தையர் கண்டதைப் பிள்ளைகள் எழுதினார்கள். பேரர் அதையே சான்றாகக் காட்டுகிறார்கள். எழுத்தில் ஏறுவதற்குள் ஆட்டம் ஒரு புராணத்தின் வடிவை எட்டிவிட்டது.

கொடியின் கதை

இவ்வாட்டத்தைப் பற்றிய நினைவுகளுள் தலையாயது கொடிக் கதை. வென்ற வீரர்கள் திடலைவிட்டு வெளியேறுகிறார்கள். அருகில் வில்லியம் கோட்டை. அதன்மேல் யூனியன் ஜாக் பறக்கிறது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த முதியவர் ஒருவர் அக்கொடியைச் சுட்டி, இதை வென்றாயிற்று, அதை இறக்குவது எப்போது என்று கேட்கிறார். மோகன் பகான் மறுபடி கேடயத்தை வெல்லும் ஆண்டில் என்று விடை வருகிறது. மோகன் பகான் மறுபடி கேடயத்தை வென்ற ஆண்டு 1947.

கேட்டவர்க்கு மெய்சிலிர்க்கும். கேட்டவர் முதியவர் என்பாரும், துறவி என்பாரும், பிராமணர் என்பாரும் உண்டு. கேட்கப்பட்டவர் சுதீர் சாட்டர்ஜி என்றும், சிப்தாஸ் என்றும், வேறொருவர் என்றும் ஆளுக்கொரு வகையாகச் சொல்வர். விடை சொன்னவர் கூட்டத்தில் ஒருவர் என்ற வடிவமும் உண்டு. மதுராந்தகத்துக் கரையில் நின்ற வில்லாளர் இருவரைப் போல, இக்கதையிலும் நடுவிலிருக்கும் உருவத்துக்கு முகமில்லை. அதனாலேயே யார் வேண்டுமானாலும் அவ்விடத்தில் தம் பாட்டனாரை நிறுத்திக்கொள்ளலாம்.

கதையை ஆய்ந்து பார்த்தால் அதன் இரு பாதிகளும் வெவ்வேறு காலத்தவை என்பது புலப்படும். முதற்பாதியாகிய கேள்வி 1911-இல் கேட்கப்பட்டிருக்கக்கூடியதே. கோட்டையும் கொடியும் திடலிலிருந்து காணக்கூடிய தொலைவில் இருந்தன. வெற்றியில் திளைத்த கூட்டத்தில் ஒருவரல்ல, நூறு பேர் அக்கொடியைப் பார்த்து அவ்வாறு எண்ணியிருக்கலாம். பிற்பாதியாகிய விடை அவ்வாறன்று. 1923-இலும் 1940-இலும் 1945-இலும் மோகன் பகான் இறுதியாட்டம் வரை சென்று தோற்றது. அந்த ஆண்டுகளில் ஒன்றில் வென்றிருந்தால் இந்தத் தீர்க்கதரிசனம் பொய்த்திருக்கும். பொய்த்த தீர்க்கதரிசனத்தை எவரும் நினைவில் வைப்பதில்லை. 1947-க்குப் பின்னரே விடை இவ்வளவு கூர்மை பெற்றிருக்க முடியும். கேள்வி கேட்டவருக்கு முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து நாடு விடை சொன்னது; அவ்விடையை 1911-ஆம் ஆண்டு மாலையில் கொண்டுபோய் வைத்தது மக்களின் நினைவு.

இதைப் பொய் என்று தள்ளுவது எளிது. வரலாற்று மாணவர் அவ்வளவு விரைந்து தள்ளலாகாது. எண்பதாயிரம் பேரில் பெரும்பாலோர் பந்தைக் காணவில்லை என்று முன்னர்க் கண்டோம். கொடியை அவர்கள் எல்லோரும் கண்டார்கள். தரையில் நின்ற கடைசி மனிதனுக்கும் தலையை உயர்த்தினால் தெரிந்தவை இரண்டு: காற்றாடியும் கோட்டைக் கொடியும். ஒன்றில் தன் அணியின் எண். மற்றொன்றில் ஆள்பவனின் அடையாளம். அந்தக் கூட்டத்தின் நினைவு ஏன் கொடியைச் சுற்றிக் கதை கட்டியது என்பதற்கு, அவர்கள் நின்ற இடமே விடை.

இதே முறையில் இன்னொரு நம்பிக்கையையும் எடைபோட வேண்டும். 1911 டிசம்பர் 12-இல் தில்லித் தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வங்கப் பிரிவினையை நீக்கியதையும், தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றியதையும் அறிவித்தார். வெறுங்கால்களின் வெற்றிக்கு அஞ்சியே ஆங்கிலேயர் தலைநகரை மாற்றினர் என்று மகிழ்வோர் உண்டு. இதற்குச் சான்றில்லை. அந்த யோசனை ஜூன் மாதத்திலேயே அரசுக்குள் எழுந்துவிட்டது. வைசிராய் ஹார்டிஞ்சு பிரபு ஆகஸ்டு 25-ஆம் நாளிட்டு இலண்டனுக்கு எழுதிய நெடுங்கடிதத்தில் அது முழு வடிவம் பெற்றது. அதில் அரசியல் காரணங்கள் உண்டு, கால்பந்து இல்லை. கொடிக் கதையில் மக்களின் உணர்வு இருக்கிறது. தலைநகர்க் கதையில் இருப்பது பெருமிதத்தின் மிகை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது முன்னதற்கு இழைக்கும் அநீதி.

நினைவு விட்டவை

நினைவு சேர்ப்பதைப் போலவே விடவும் செய்யும். சேர்த்ததைக் கண்டுபிடிப்பது எளிது. விட்டதைக் கண்டுபிடிப்பது கடினம்.

1911-இன் வெற்றிக்குப் பின் வெள்ளையரின் ஆதிக்கம் மைதானத்தில் உடனே சரிந்துவிடவில்லை. அடுத்த ஆண்டே கேடயம் ஆங்கிலேயரிடம் திரும்பியது. மறுபடி ஓர் இந்தியக் கழகம் அதை வென்றது 1936-இல். அக்கழகம் முகமதன் ஸ்போர்ட்டிங். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் கல்கத்தா லீக்கையும் அதுவே வென்றது. வெறுங்கால் வெற்றியைக் கொண்டாடும் கட்டுரைகள் பல இந்த ஆண்டுகளைத் தாவிச் செல்கின்றன. தரையில் புரண்டு மகிழ்ந்த முஸ்லிம் இளைஞர்களைப் பற்றிய செய்தியும் அத்தாவலில் விழுந்துபோகிறது. 1911-இல் ஒரே கூட்டமாக நின்றவர்கள் முப்பதுகளில் கழகவாரியாகவும் சமயவாரியாகவும் பிரிந்து நின்றனர்.

இன்னொரு பிரிவும் உண்டு. 1911 அணியில் ஆடியவர்களுள் பலர் கிழக்கு வங்காளத்தைப் பூர்விகமாகக் கொண்டவர்கள். படகேறி வந்த பார்வையாளர்களுள் பெரும்பகுதியினர் அவ்வட்டாரத்தார். அவர்களுக்குக் கல்கத்தாவின் கழகம் வேறு, தங்கள் கழகம் வேறு என்ற எண்ணம் அன்றில்லை. 1920-இல் ஈஸ்ட் பெங்கால் கழகம் தோன்றியது. கிழக்கத்தியர் தம்மை ஒதுக்குகிறார்கள் என்று கொண்ட மனக்குறை அதன் பிறப்பில் கலந்திருந்தது. 1947-இல் நாடு பிளந்தபோது, நீராவிப் படகுகள் வந்த ஆற்றுவழிகளுக்குக் குறுக்கே எல்லைக்கோடு விழுந்தது. ஆட்டம் பார்க்க வந்தவர்களின் பிள்ளைகள் வீட்டை இழந்து அகதிகளாகக் கல்கத்தாவுக்கு வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஈஸ்ட் பெங்கால் கழகத்தைத் தம் இழந்த மண்ணாகப் பற்றிக்கொண்டனர். அக்கழகத்தின் முன்னணியில் நாற்பதுகளின் இறுதியிலிருந்து ஒளிவீசிய 'பஞ்ச பாண்டவர்' ஐவருமே தென்னாட்டவர்: வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. அகதிகளின் கூட்டம் தன் மொழி அறியாத இந்த ஐவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடியது தனியே எழுதத்தக்க செய்தி.

1911 அணியின் பதினொருவரும் இருக்கும் குழுப்படம் இன்றும் அச்சாகிறது. 2001 முதல் ஜூலை 29-ஆம் நாளை மோகன் பகான் நாளாக அக்கழகத்தார் கொண்டாடி வருகின்றனர். நூற்றாண்டு நிறைந்த 2011-இல் 'எகாரோ' என்னும் வங்கத் திரைப்படமும் வெளிவந்தது. கொடிக் கதை ஒவ்வோர் ஆண்டும் மறுபடி சொல்லப்படுகிறது. கேட்கும் சிறுவர்க்கு மறுபடி மெய்சிலிர்க்கிறது.

கதை சொல்வோர் ஒன்றை மட்டும் சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறார்கள். தீர்க்கதரிசனம் பலித்ததாகக் கூறப்படும் 1947-ஆம் ஆண்டுக் கேடய இறுதியாட்டத்தில் எதிரே நின்றது ஆங்கிலப் படையணி அன்று. மோகன் பகான் 1-0 என வென்றது ஈஸ்ட் பெங்கால் கழகத்தை. 1911-இல் படகேறி வந்து, பந்தைக் காணாமல் காற்றாடியைக் கண்டு கூத்தாடிய கிழக்கத்தியரின் மக்கள் அன்று தோற்ற பக்கத்தில் நின்றிருந்தார்கள்.